சிறு கீறல் இடுப்பு அறுவை: தீவுக்காரர் புறப்படும் முன் கணக்கிட வேண்டிய சிக்கல்கள்

இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்காக அந்தமானிலிருந்து சென்னைக்குப் போகிறவர் மருத்துவமனைப் படுக்கையில் கழிப்பது சில நாட்கள்தான். கீறல் சிறியது என்றால் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைத்துவிடுகிறார்கள். இரண்டாம் வாரத்தில் தையல் பிரித்தாயிற்று என்றால் ஊர் திரும்ப மனம் பரபரக்கும். ஆனால் இந்த அறுவையின் சிக்கல்கள் டிஸ்சார்ஜ் தேதியைப் பார்த்து வருவதில்லை. காலில் ரத்தம் உறைவது முதல் ஐந்தாறு வாரம் வரை நேரலாம். பொருத்திய மூட்டு நழுவுவது முதல் மூன்று மாதங்களில் அதிகம். ஆழத்தில் தங்கிய கிருமி மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். அறுவை மெயின்லேண்டில் முடிந்துவிடுகிறது. சிக்கல் வந்தால் அது வருவது டிக்லிப்பூரிலோ ஹட்பேயிலோ காம்பெல் பேயிலோ. வேளச்சேரிக்காரர் ஆட்டோ பிடித்து அதே டாக்டரிடம் போய் நிற்பார். நமக்கு அது விமானம் அல்லது கப்பல். ஆகவே ஒவ்வொரு சிக்கலையும் இரண்டு கேள்விகளோடு பார்ப்போம்: அது ஏன் வருகிறது, அது வரும்போது நாம் எங்கே இருப்போம்.

எது எதைச் சிறு கீறல் என்கிறார்கள்

'கீஹோல்', 'தசை வெட்டாத முறை', 'மினிமலி இன்வேசிவ்' என்று மருத்துவமனைப் பலகைகளில் எழுதியிருப்பது ஒரே அறுவை அல்ல. முதலாவது, தேய்ந்த மூட்டை முழுதாக எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பதை 8 முதல் 12 சென்டிமீட்டர் கீறல் வழியாகச் செய்வது. இதையே பின்பக்கமாகவும் செய்வார்கள், தொடையின் முன்பக்கமாகவும் செய்வார்கள். இரண்டாவது, ஆர்த்ரோஸ்கோப்பி: பென்சில் நுழையும் அளவுத் துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விட்டு, மூட்டைச் சுற்றியுள்ள கிழிந்த குருத்தெலும்பு விளிம்பைச் சரிசெய்வது. மூன்றாவது, ரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் தலை செத்துக்கொண்டிருக்கும்போது, ஆரம்பக் கட்டத்திலேயே எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைப்பது. 'ஏ.வி.என்.' என்று எல்லோரும் சொல்லும் நோய் அதுதான். இந்தியாவில் இளவயதில் இடுப்பு மாற்றத்துக்கு வருபவர்களில் பெரும்பங்கு இந்த நோயாளிகள். குடியும் ஸ்டீராய்டு மருந்தும் முக்கியக் காரணங்கள். நான்காவது, வயதானவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், சிறு கீறல்கள் வழியாக எலும்புக்குள் கம்பி செலுத்தித் திருகு போடுவது. 'பி.எஃப்.என்.' என்று சீட்டில் எழுதியிருக்கும்.

உங்கள் சீட்டில் இருப்பது இவற்றில் எது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றின் ஆபத்து மற்றொன்றுக்குப் பொருந்தாது. இங்கே அதிகம் பேசப்போவது முதலாவதைப் பற்றி.

தழும்பின் நீளம் எதையும் சொல்லாது

ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இன்றைய செயற்கை இடுப்புக்கு அடித்தளம் போட்டபோது, கீறலின் நீளத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. உள்ளே நன்றாகத் தெரிய வேண்டும், கிருமி நுழையக் கூடாது என்பதே அவருடைய கவலை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அமெரிக்காவில் யாருடைய தழும்பு சிறியது என்ற போட்டி தொடங்கியது. இரண்டு சின்னக் கீறல்கள் போட்டு எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மூட்டைப் பொருத்தும் முறை பெரிதாகப் பேசப்பட்டது. தசைக்கு ஒரு கேடும் இல்லை என்றார்கள். மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் சடலங்களில் அதைச் செய்துபார்த்து 2005இல் வெளியிட்ட முடிவு அந்த வாக்குறுதியைக் கலைத்துவிட்டது. ஒற்றைச் சிறு கீறலைவிட இரண்டு கீறல் முறையில் தசை கூடுதலாகவே சேதமாகியிருந்தது. அதே ஆண்டு பெல்ஃபாஸ்டில் 219 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 10 சென்டிமீட்டருக்கு மேற்போகாத கீறலும் மற்றவர்களுக்கு 16 சென்டிமீட்டர் கீறலும் போட்ட ஆய்வும் வெளிவந்தது. ரத்த இழப்பு, வலி, எழுந்து நடந்த வேகம், வீடு திரும்பிய நாள் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

சிறு கீறல் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. கைதேர்ந்தவர் செய்தால் பெரிய கீறலுக்குச் சமமான பலன் கிடைக்கிறது. முன்பக்க முறையில் முதல் சில வாரங்களில் நடை சற்று விரைவாகவும் திரும்புகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகப்போக அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. அந்தச் சில வார லாபத்துக்காக எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதே கேள்வி.

பானையின் கழுத்து சிறுத்திருந்தால் கை உள்ளே போகும், கண் போகாது. சிறு கீறலின் பல சிக்கல்கள் அங்கிருந்துதான் பிறக்கின்றன. இடுப்புக் குழியில் வைக்கும் கிண்ணம் குறித்த சாய்வில் அமராமல் போகலாம். தொடை எலும்புக்குள் தண்டை இறக்கும்போது எலும்பு கீறல்விடலாம். விளிம்பை விரித்துப் பிடிக்கும் கருவிகள் தோலை நசுக்கி, காயம் ஆறத் தாமதமாகலாம். முன்பக்க முறையில் கை பழக ஒருவருக்கு ஐம்பது முதல் நூறு அறுவைகள் ஆகும் என்று அத்துறையினரே எழுதுகிறார்கள். அந்த முதல் ஐம்பதில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டிய அவசியமில்லை. "எத்தனை சென்டிமீட்டர் கீறுவீர்கள்?" என்று கேட்பதைவிட, "டாக்டர், இந்த வழியில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க, உள்ளே சரியா தெரியலைன்னா கீறலை நீட்டிக்குவீங்களா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் ஆமாம் என்பவரே நல்ல மருத்துவர். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

நரம்பும் எலும்பும்

முன்பக்க முறைக்குப் பிறகு தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவது மிகச் சாதாரணம். தோலின் உணர்வை மட்டும் கொண்டுபோகும் நரம்பு கீறலுக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் இப்படி ஆகிறது. காலின் பலம் குறையாது. மாதங்கள் போகப்போக மரப்பு சுருங்கும், சிலருக்குச் சிறு பகுதி அப்படியே நின்றுவிடும். இதற்காக டிக்கெட் எடுத்துச் சென்னைக்கு ஓட வேண்டாம். பாதத்தை மேலே தூக்க முடியாமல் விரல் தரையில் உரசுவது வேறு விஷயம். அது சியாட்டிக் நரம்பின் பாதிப்பு, நூறில் ஒருவருக்கு நேரக்கூடியது. காலை அதிகம் நீட்டியதாலும் வரலாம், உள்ளே ரத்தம் கட்டியதாலும் வரலாம். ரத்தம் கட்டியிருந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். எனவே மயக்கம் தெளிந்ததும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது உங்கள் வேலை. முடியவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

அறுவை மேசையில் எலும்பு கீறல்விட்டால் மருத்துவர் அங்கேயே கம்பி சுற்றிக் கட்டிவிடுவார். பெரும்பாலும் சேர்ந்துவிடும். ஆனால் ஆறு வாரம் முழு எடை ஊன்றாதே என்பார்கள். வாக்கரோடு விமானப் படிக்கட்டு, அதற்குப் பிறகு ஃபீனிக்ஸ் பே ஜெட்டி, அதற்குப் பிறகு தீவுக் கப்பலின் சாய்பலகை என்று நினைத்துப் பாருங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். ஊர் திரும்பிய பிறகு, நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று தொடையில் வலி எடுத்து எடை ஊன்ற முடியவில்லை என்றால், அருகிலுள்ள சமூக சுகாதார மையத்தில் (சி.எச்.சி.) எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பழைய படம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒரு கால் நீண்டுவிட்டது போன்ற உணர்வு முதல் வாரங்களில் பலருக்கு வரும். இறுகியிருந்த தசைகள் இளக நேரம் கேட்கின்றன. உடனே செருப்புக்கு அட்டை ஒட்டாதீர்கள்.

மூட்டு நழுவுதல்

நூறில் ஒருவர் முதல் மூவர் வரை இதைச் சந்திக்கிறார்கள். பின்பக்க முறையில் பின்புறத் தசைநார்களை வெட்டித் திரும்பத் தைப்பதால், அவை ஆறும்வரை மூட்டுக்குப் பின்னால் காவல் குறைவு. முழங்கால் மார்பை நோக்கி வந்து, தொடை உள்பக்கம் திரும்பினால் பந்து கிண்ணத்தைவிட்டுப் பின்னால் வெளியேறும். நம் வாழ்க்கை முறையில் இந்த அசைவு எங்கெங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை, தரையில் பாய், அரிவாள்மனை, தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலி, கோயிலில் விழுந்து கும்பிடுவது. நம் தீவுக்கே உரியதாக இன்னொன்றும் உண்டு: ஜெட்டியிலிருந்து டோங்கிப் படகின் ஆட்டத்துக்கு நடுவே ஒரு காலை இறக்கி, உடம்பைத் திருப்பி, தாழ்ந்த பலகையில் உட்காருவது. செயற்கை இடுப்பு நழுவுவதற்கான அத்தனை நிபந்தனைகளும் அந்த ஓர் அசைவில் கூடிவிடுகின்றன. மூன்று மாதத்துக்கு டோங்கி வேண்டாம். கடலுக்குப் போய்ப் பிழைப்பவர் இதை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த வழியாகச் செய்வது, எவ்வளவு பெரிய பந்து வைப்பது என்ற தீர்மானத்தில் உங்கள் தொழிலுக்கும் பங்குண்டு.

முன்பக்க முறையில் நழுவும் ஆபத்து தொடக்கத்தில் குறைவு. ஆகவே 'எந்தக் கட்டுப்பாடும் இல்லை' என்று சில இடங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த முறையில் காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் எதிரி. உயரத்தில் இருப்பதை எட்டி எடுக்கும்போது அப்படித்தான் நிற்கிறோம்.

வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். இருந்தாலும் அதன் உயரத்தைக் கூட்டும் இருக்கை ஒன்றைச் சென்னையிலேயே வாங்கிவிடுவது நல்லது.

நழுவினால் சந்தேகமே இருக்காது. ஒரு சத்தம், தாங்க முடியாத வலி, கால் குட்டையாகித் திரும்பிக் கிடக்கும். இழுத்துப் பார்க்காதீர்கள். எலும்பு கட்டும் வைத்தியரை அழைக்காதீர்கள். அவர் கைக்குப் பழகியது இயற்கை மூட்டு, உலோகத்தை இழுத்தால் எலும்பு உடையும். காலை இருக்கும் நிலையிலேயே தலையணைகளால் அண்டைகொடுத்து வண்டியில் ஏற்றுங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் திரும்ப உள்ளே தள்ளுவார்கள் என்பதால், பாவம் என்று டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிடாதீர்கள். நரம்பு நசுங்கிக் கிடக்கும் என்பதால் இது சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை. போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையிலிருந்து நீங்கள் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறீர்கள் என்ற கணக்கு இங்கேதான் உறைக்கும். டிக்லிப்பூரிலிருந்து போர்ட் பிளேருக்கு, 2024 செப்டம்பரிலிருந்து அரசு ஆவணத்தில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, சாலை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஜாரவா காப்பகத்தில் வண்டிகள் கான்வாய் நேரத்தில்தான் போகும். ஆகவே என் யோசனை: வெளித்தீவுக்காரர்கள் முதல் மூன்று மாதத்தில் எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் போர்ட் பிளேரில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குவது. செலவுதான். ஆனாலும் ஆபரேஷன் செலவில் இதையும் ஒரு பங்காக எண்ணிக்கொள்ள வேண்டும்.

ரத்த உறைவும் பயணமும்

இடுப்பு அறுவைக்குப் பிறகு கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறைவதைக் கீறலின் அளவு பெரிதாக மாற்றுவதில்லை. எலும்புக்குள் நடக்கும் வேலையும், கிடந்த கிடையும், காலை முறுக்கிப் பிடிப்பதும்தான் காரணம். அதற்காகத்தான் ஊசியோ மாத்திரையோ 35 நாள் வரை தருகிறார்கள். அது முழுவதையும் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள். ரங்கத்திலோ கச்சாலிலோ அதே மருந்து கிடைக்கும் என்று நம்பிப் பாதியில் நிறுத்திவிட வேண்டாம். இந்த மருந்து எடுக்கும் நாட்களில் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைத் தாமாகச் சேர்த்துக்கொண்டால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு.

விமானமா கப்பலா என்பது பணக் கணக்காகத்தான் வீடுகளில் பேசப்படுகிறது. சென்னை விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் ஏறக்குறைய 60 மணி நேரம். கப்பலில் பங்க் வகுப்பில் படுத்தபடியே வரலாமே என்பார்கள். படுத்துக் கிடப்பதுதான் இங்கே ஆபத்து. கப்பல் கதவுகளுக்கு அடியில் உயர்ந்த இரும்பு நிலை இருக்கும், தளம் ஆடும், கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். நடுக்கடலில் மூச்சுத்திணறல் வந்தால் திரும்பவும் வழியில்லை. வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள். திரும்பும் பயணம் விமானத்தில் இருக்கட்டும். எத்தனை நாள் கழித்துப் பறக்கலாம் என்பதில் மருத்துவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆறு வாரம் பொறு என்பவர் உண்டு, மருந்து ஓடும்போதே அனுமதிப்பவரும் உண்டு. அனுமதியை எழுதி வாங்குங்கள், நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், ஒரு தடவையாவது எழுந்து நடங்கள். விமான நிலைய வாசலில் உலோகக் கருவி கத்தும். செயற்கை மூட்டு வைத்ததைச் சொல்லும் உள்வைப்பு அட்டையைக் கையில் வைத்திருந்தாலும் கைச்சோதனை நடக்கத்தான் செய்யும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், வீட்டில் முதலில் வருவது எண்ணெய்க் கிண்ணம். "கொஞ்சம் நீவிவிட்டா இறங்கிடும்மா" என்று பாட்டி உட்கார்ந்துவிடுவார். இங்கே ஒரே ஒரு 'கூடவே கூடாது' என்று என்னைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நீவும்போது உறைகட்டி கழன்று நுரையீரலுக்குப் போகும். வீக்கம் என்றால் டாப்ளர் ஸ்கேன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம் என்றால் அந்த நொடியே ஆம்புலன்ஸ்.

கிருமி

எல்லாச் சிக்கல்களிலும் தீவுக்காரரை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். நல்ல மருத்துவமனைகளில் நூறில் ஒருவர், இருவர் என்ற அளவில்தான் நேர்கிறது. சர்க்கரை கட்டுப்படாதவர், உடல் பருத்தவர், புகையிலை விடாதவர், ஸ்டீராய்டு எடுத்தவர் ஆகியோருக்கு அது ஏறுகிறது. முன்பக்க முறையில் கீறல் கவட்டை மடிப்புக்குப் பக்கத்தில் விழுகிறது. தொப்பை அதன்மேல் சரிந்தால் அந்த இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தையும் இதோடு கூட்டுங்கள். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை, மே முதல் டிசம்பர் வரை ஓயாத ஈரம், கவட்டையில் படர்தாமரை இல்லாத ஆள் குறைவு. அந்தத் தோல்மேல் கத்தி வைக்க எந்த மருத்துவரும் விரும்பமாட்டார். ஒரு மாதம் முன்பே தோல் மருத்துவரைப் பார்த்து அதை முழுதாகப் போக்கிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் சென்னையில் இறங்கிய பிறகு ஆபரேஷன் தள்ளிப்போய், லாட்ஜ் வாடகைதான் ஏறும். சொத்தைப் பல்லும் சிறுநீர்த் தொற்றும் இதே கணக்கில் சேரும். சர்க்கரை நோயாளியின் மூன்று மாதச் சராசரி 8ஐத் தாண்டியிருந்தால் பலர் தேதி தரமாட்டார்கள். அவசரமில்லாத அறுவைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் தோதானவை: காயம் உலரும், கடல் அமைதியாக இருக்கும், முற்றம் வழுக்காது. போர்ட் பிளேரில் அப்போது தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் என்பது தனிக் கவலை.

ஊர் திரும்பிய பிறகு கவனிக்க வேண்டியது கட்டுத்துணியை. அறுவை முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகும் "லேசா தண்ணி கசியுது" என்றால் அது லேசான விஷயம் அல்ல. பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மருந்துக்கடைக்குப் போய் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவார்கள்; கசிவு நிற்கும்; இரண்டு வாரத்தில் திரும்பவும் வரும். மாத்திரை மேற்பரப்புக் கிருமியை அடக்குகிறது. உலோகத்தின்மேல் படலம் கட்டி ஒளிந்திருக்கும் கிருமியை அது தொடுவதில்லை. அதைவிடக் கெடுதல், பிறகு மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதித்தால் எந்தக் கிருமி என்று தெரியாமல் போவது. எனவே விதி இது: மாதிரி எடுக்கும் முன் மாத்திரை இல்லை. அறுவை நடந்து நான்கு வாரத்துக்குள், அறிகுறி தொடங்கிச் சில நாட்களுக்குள் மூட்டைத் திறந்து கழுவினால், வைத்த உள்வைப்பைக் காப்பாற்ற நல்ல வாய்ப்புண்டு. காலம் கடந்தால் மூட்டையே எடுத்து, மருந்து கலந்த சிமெண்டை இடைக்காலமாக வைத்து, மாதங்கள் கழித்துப் புது மூட்டு. அதாவது இரண்டு பெரிய ஆபரேஷன், இரண்டு நீண்ட சென்னை வாசம். நான்கு வார வாய்ப்பை ஒரு மருந்துக்கடை மாத்திரைக்கு இழக்கக் கூடாது.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. தீவில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். போர்ட் பிளேரில் உள்ள ஐ.சி.எம்.ஆர். மையம் நீண்டகாலமாக ஆராய்ந்துவரும் நோய் அது. நிக்கோபார் பக்கம் மலேரியாவும் சந்தேகிக்கப்படும். சுகாதார நிலைய மருத்துவர் அந்தக் கோணத்தில் டாக்சிசைக்ளின் எழுதுவது இயல்பு, சரியும்கூட. ஆனால் "எனக்கு இடுப்பில் செயற்கை மூட்டு இருக்கிறது, ஆபரேஷன் ஆகி இத்தனை வாரம்" என்பதை அவர் கேட்காமலே நீங்கள் சொன்னால், மருந்து தொடங்கும் முன் ரத்த மாதிரி எடுத்துவைப்பார். சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு அறுவைக்குப் பிறகு ஏறி, சுமார் மூன்று வாரத்தில் இறங்கிவிட வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால் சந்தேகம் வலுக்கும். டிஸ்சார்ஜ் நாளின் அளவைக் குறித்து வாங்கி வாருங்கள்.

மற்ற மூன்று அறுவைகள்

ஆர்த்ரோஸ்கோப்பியில் காலை இழுத்துப் பிடித்து மூட்டை விரிப்பதால், கவட்டையிலும் பிறப்புறுப்பிலும் சில நாள் மரப்பு வரலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் பலர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் இந்த ஆபத்து கூடுகிறது. பெரும்பாலும் தானே சரியாகும். மூட்டு ஏற்கனவே தேய்ந்தவருக்கு இந்த அறுவை பலன் தருவது அரிது. ஓரிரு ஆண்டில் மூட்டு மாற்றத்தில் போய் முடியும். தேய்மானம் எவ்வளவு என்று கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஏ.வி.என். துளையறுவைக்குப் பிறகு, துளையிட்ட இடத்தில் எலும்பு முறியும் ஆபத்து முதல் ஆறு வாரம் இருக்கும். வலி குறைந்துவிட்டதே என்று ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்குத்தான் அது நேர்கிறது. குடி தொடர்ந்தால் மற்ற இடுப்பும் இதே வழியில் போகும்.

முறிவுக்குக் கம்பி போடுவதைப் பற்றி என் கருத்து சற்று அழுத்தமானது. மூட்டு மாற்றத்துக்கு மாதக்கணக்கில் யோசித்து, விசாரித்து மெயின்லேண்ட் போகலாம். எழுபது வயது அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்திருந்தால், 'சென்னைக்குத்தான் கொண்டுபோவோம்' என்று மகன்கள் போனில் விவாதித்து நாட்களைக் கடத்துவது தவறு. முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால் நிமோனியா, படுக்கைப்புண், மனக்குழப்பம் எல்லாம் குறையும். போர்ட் பிளேரில் செய்ய முடியும் என்று எலும்பு மருத்துவர் சொன்னால் அங்கேயே முடித்துவிடுங்கள். வெளித்தீவிலிருந்து ஹெலிகாப்டரில் நோயாளியைக் கொண்டுவர ஏற்பாடு உண்டு, வானிலை இடம்கொடுத்தால். இந்த அறுவையின் தனிச் சிக்கல், திருகு எலும்புத் தலையைத் துளைத்துக்கொண்டு வெளிவருவது. திருகின் நுனி தலையின் நடுவில் ஆழமாக அமர்ந்திருந்தால் அது அரிது. இரண்டு மூன்று மாதத்துக்குள் புதிதாகக் கவட்டை வலி, கால் குட்டை என்றால் மறுபடி எக்ஸ்ரே.

ஒட்டுத்தாள்

உள்வைப்புப் பெட்டிக்குள் நிறுவனம், மாதிரி, வரிசை எண் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் இருக்கும். அதில் ஒன்று உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டப்பட வேண்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு 2010 ஆகஸ்ட் பதில் சொல்லும். ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபியூ பிரிவு, உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டை அப்போது உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. உரசலில் கோபால்ட், குரோமியம் துகள்கள் கழன்று சுற்றியுள்ள தசையை அரித்தன. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அது வைக்கப்பட்டிருந்தது. அரசு அமைத்த நிபுணர் குழு தேடியபோது அவர்களில் பெரும்பாலோர் யார், எங்கே என்றே தெரியவில்லை. 2018 நவம்பரில் மத்திய அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வகுத்தபோது, தன் இடுப்புக்குள் இருப்பது எது என்று காகிதத்தில் காட்ட முடிந்தவருக்கே கோரிக்கை வைக்க வழி இருந்தது. ஒட்டுத்தாளைப் போட்டோ எடுத்துப் பிள்ளைகள் போனிலும் வையுங்கள். நம் மழையில் பீரோவுக்குள் இருக்கும் காகிதமும் பூஞ்சை பிடிக்கும்.

கடைசியாக, புறப்படும் முன் இரண்டு ஆட்களை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போர்ட் பிளேரில் ஓர் எலும்பு மருத்துவர், ஆபரேஷனுக்கு முன்பே உங்களைப் பார்த்து, திரும்பிய பிறகும் பார்க்க ஒப்புக்கொண்டவர். சென்னையில் அறுவை செய்தவரின் குழுவில் ஒருவர், காயத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றே பதில் சொல்பவர். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு கார் நிக்கோபாரிலிருந்தும் ஹட்பேயிலிருந்தும்கூட வீடியோவில் காயத்தைக் காட்ட முடிகிறது. பத்து வருடத்துக்கு முன்பு அது கனவு. செலவுக்கு அனிஷி காப்பீட்டிலோ ஆயுஷ்மான் பாரத்திலோ உங்களுக்கு இடமிருக்கிறதா என்று ஜி.பி. பந்தில் ரெஃபர் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். சிக்கல் வந்து மறுபடி போனால் அந்தச் செலவும் அதில் அடங்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை.